கம்மாக்கரைத் தெரு நீண்ட கதை

என் வயிற்றைத் திறந்து, கட்டிகளோடு சேர்த்துக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டு, தைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ராஜாமணி அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு பை சாத்துக்குடியுமாக என்னைப் பார்க்க வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வயிற்றில் போட்ட தையலுக்கு நெற்றியில் என்ன தேடுகிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இனிமே முன்ன மாதிரி இல்ல டீச்சர், பாத்து இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் தெருவைக் கடந்து தன் வீட்டுப் படியேறுவதற்குள் எங்கள் கம்மாக்கரைத் தெரு ஒரு வீட்டு அகலம் நீண்டிருந்தது.

நீண்டது தெருவின் கடைசியில் அல்ல, நடுவில். டிரான்ஸ்பார்மரையும் பஞ்சு குடோனையும் ஒட்டினாற்போல்தான் அதுவரை பார்த்திருக்கிறோம். இப்போது இரண்டுக்கும் இடையில் கரிசல் மண்ணோடும், கொஞ்சம் அருகம்புல்லோடும், நேற்று முளைத்தது என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வேப்பங்கன்றோடும் புதுத்துண்டு ஒன்று கிடந்தது. மறுநாள் காலையில் பால்காரர் அந்த இடத்தைச் சைக்கிளில் கடந்தபோது மிதி கூடுதலாகிறது என்று மட்டும் சொன்னார். மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தவர் கம்பி தொய்யவில்லை, அதுவும் கூடவே நீண்டிருக்கிறது, ஆகவே புகார் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தெருவில் நான் ஓடுவேன். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் பாடம் நடத்திவிட்டு, கணவர் தனுஷ்கோடியோடு அவருடைய ஊருக்கே திரும்பி வந்த நாளிலிருந்து, விடிந்ததும் டிராக் பேண்டும் ஷூவும் மாட்டி, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, குடோனைத் தாண்டி, கண்மாய்க்கரை ஏறி, மடைச்சுவரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவேன். முதலில் நாய்கள் குரைத்தன, பிறகு ஆண்கள் சிரித்தார்கள், பிறகு இரண்டும் ஓய்ந்து, டீச்சர் ஓடிவிட்டார்கள், அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று பெண்கள் நேரம் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வலி அல்ல, அந்த மடைச்சுவரின் பாசி பிடித்த ஈரம்தான். அதைத் திரும்பத் தொட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊரில் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போகாமல் இருப்பது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் எழுந்து போவதற்குச் சமம். ஆகவே வந்தார்கள். பிரெட் பாக்கெட்டோடு வந்தார்கள், ஆப்பிளோடு வந்தார்கள், ஆஸ்பத்திரியில் யாரோ தமக்குக் கொடுத்த அதே பிஸ்கட் டப்பாவோடு வந்தார்கள். வந்து உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்து, என் காலைப் பார்த்து, குனியக்கூடாது என்றார்கள், குடம் தூக்கக்கூடாது என்றார்கள், மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள், கடைசியில் எழும்போது எல்லாரும் ஒரே குரலில், ஏதோ நான் அவர்களிடம் வாங்கிவைத்திருந்த பொருளைத் திருப்பிக் கேட்பதுபோல, முன்ன மாதிரி இல்ல என்றார்கள். சொல்லச் சொல்லத் தெரு நீண்டது. ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த கண்மாய்த் தவளைகளின் சத்தம் ஒவ்வொரு பழப்பைக்கும் கொஞ்சம் தள்ளிப்போனது.

அவர்கள் சொல்வதையும் தெரு நீள்வதையும் முடிச்சுப்போட்டவள் என்னைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த மாரிக்கனி, என் கணவரின் தங்கை. குழாயடியில் அவள் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். குடம் நிறைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

தெரு ஏன் நீள்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டா யார் பெயருக்கு என்று கேட்டார்கள்.

வார்டு கவுன்சிலர் சீனிராஜ் சுண்ணாம்புக்கோடு போட்டு, முளைக்குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டினார். புதுமண்ணில் முதலில் ஒரு பிள்ளையார் வந்தார், அவருக்குப் பின்னால் கட்சிக்கொடி, அதற்குப் பின்னால் மனைகள் விற்பனைக்கு என்ற போர்டு. டீக்கடையில் இரண்டு கட்சிகள் உண்டாயின. கையில் பழமில்லாமல் சொன்னால் நீளாது என்றது ஒன்று, பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது மற்றது. திருப்பூரிலிருந்து ஒருவர் போனில் சொல்லிப் பார்த்தார், அசையவில்லை. என் முகத்துக்கு நேரே, நான் கேட்கும்படி சொன்னால்தான் பலிக்கிறது என்று முடிவாயிற்று. அதன்பிறகு மகளிர் குழுக்கள் முறை வைத்து வந்தன. அதுவரை என் வீட்டு நிலைப்படியை மிதித்திராதவர்கள், நான் டிராக் பேண்ட் போட்டதற்காக என்னிடம் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொல்லிவிட்டு, குடோன் பக்கம் ஓடிப்போய் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தார்கள்.

ராஜாமணி அக்காவின் வீட்டுக்காரர் தன் குடலிறக்க ஆபரேஷனையும் ஊருக்குப் பயன்படுத்தலாம் என்று பெருந்தன்மையாக முன்வந்து, கட்டிலை வாசலில் போட்டுப் படுத்துக்கொண்டு எல்லாரையும் வந்து சொல்லச் சொன்னார். சொன்னார்கள். தெரு ஒரு விரற்கடை நகரவில்லை. ராஜாமணி அக்காதான் அதற்குக் காரணம் சொன்னாள்: அவர் முன்ன மாதிரியேதான இருக்காரு.

நான் அதற்குச் சிரித்தேன். சிரித்ததில் தையல் இழுத்தது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்று ஒருநாள்தான், ஏனென்றால் அடுத்த நாள் தனுஷ்கோடி வந்து என் கட்டிலருகே நின்று, நாமும் ஒரு கார்னர் மனைக்கு முன்பதிவு செய்திருக்கிறோம் என்றார்.

யாருக்கு என்று கேட்டேன்.

எல்லாம் உனக்காகத்தான் என்றார். அப்புறம், சாத்துக்குடியை உரித்தபடி, தோலை ஒரே சுருளாக எடுக்கும் கவனத்தோடு, "யோசிச்சுப் பாரு பவளம், நீ படுத்திருக்கிறதுல என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார்.

மறுவாரம் பரிசோதனைக்குப் போனபோது என் டாக்டர் தையலை அழுத்திப் பார்த்தார். காத்திருந்தவர்கள் கதவுக்கு வெளியே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். "இனி நடங்க. நடந்து வலிக்கலைன்னா கொஞ்சம் ஓடுங்க. ஓடி வலிச்சா திரும்ப நடங்க. உடம்புக்கு ரோஷம் கிடையாதும்மா, உங்களுக்குத்தான் இருக்கு. அதை அதுமேல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் ஏற்றினேன். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கட்டினேன், தையலுக்குப் பிடிமானமாக ஆஸ்பத்திரியில் கொடுத்த வயிற்றுப் பெல்ட்டை இறுக்கினேன், நடக்கவே நடக்காமல் ஓடினேன். டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் புதுமண்ணில் கால் வைத்ததும், விரலில் நெட்டி முறிப்பதுபோன்ற சத்தத்தோடு மனைகள் ஒன்றையொன்று நெருங்கின. முளைக்குச்சிகள் ஜோடி சேர்ந்தன, பிள்ளையார் கட்சிக்கொடியின்மேல் சாய்ந்தார். எனக்கு ஆனந்தமாக இருந்தது. அந்த ஆனந்தத்தின் நடுவில் அடிவயிற்றில் யாரோ துணியைக் கிழித்தார்கள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலுபேர் என்னைத் தூக்கிக்கொண்டு போக, தெருவே பின்னால் வந்து, அக்கறையோடு, உண்மையான அக்கறையோடு, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, மாறிமாறி அதையே சொன்னது. அன்றைக்கு நீண்டதுபோல் தெரு என்றைக்கும் நீண்டதில்லை. குடோன் ஒரு தீப்பெட்டியாகத் தெரிந்தது. கண்மாய் தெரியவே இல்லை. தண்ணீர் வாடைகூட வருவது நின்றுபோனது.

ஷூவைக் காணவில்லை. மாரிக்கனி அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியிருந்தாள். கேட்டபோது தரமாட்டேன் என்றாள். அவளும் மனை வாங்குகிறாளா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாத குரலில் கேட்டேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"எனக்கும் இதே ஆபரேஷன்தான் மதினி. நீங்க அப்ப மஸ்கட்ல. ஒருத்தி பாக்க வரல. ஒருத்தி படுன்னு சொல்லல. மறுவாரம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டேன், நின்னுக்கிட்டேதான் வேலை. தெரு நீளவும் இல்ல, குறுகவும் இல்ல."

கரண்டியால் குழம்பைக் கிளறிவிட்டாள்.

"உங்களையாச்சும் படுன்னு சொல்றாகளேன்னு நெனச்சேன்" என்றாள். "அது படுக்கிறதுக்குச் சொன்னதில்லன்னு இப்பத்தான தெரியுது."

டிரம்முக்குள் கையைவிட்டு ஷூவை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக் கொட்டிவிட்டு என் காலடியில் வைத்தாள்.

அன்றைக்கு என் கோபம் அளவில் பெரிதாயிற்று, வேகத்தில் குறைந்தது. அதற்குமுன் கோபம் என்றால் பாய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அதை நடக்கவைக்கலாம் என்றும், மூச்சு வாங்காமல் நாளெல்லாம் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் அப்போதுதான் கண்டேன். கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்தேன். அடுப்படியிலிருந்து கொல்லைக்கு நடந்தேன். கைப்பிடியைப் பிடித்து மாடியேறி, மொட்டைமாடியில் வடாம் காயும் துணியைச் சுற்றிச்சுற்றி நடந்தேன். அப்புறம் தெருவில், ஒரு கம்பம் வரை நடை, அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதுவும் ஓட்டம் என்று நான்தான் சொல்ல வேண்டும், ஓர் எருமை என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது. வலித்தால் நடந்தேன். வலி நின்றால் ஓடினேன். பார்க்க வந்தவர்களிடம் நான் தூங்குவதாகச் சொல்லி மாரிக்கனி வாசலோடு பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் எங்கே நடந்தாலும், மாடியில் நடந்தாலும்கூட, புதுமண் ஒரு சாணாவது உள்ளிழுத்துக்கொண்டது.

மனை வாங்கியவர்களுக்கு அது பிடிபடவில்லை. முளைக்குச்சியைப் பக்கத்து மனைக்காரன்தான் பிடுங்கி நட்டான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அண்ணன் தம்பிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தனுஷ்கோடி இரவெல்லாம் டார்ச்சோடு போய்க் கார்னர் மனைக்குக் காவல் இருந்தார். கடைசியில் சீனிராஜ் ஒரு விடியலில் நான் ஓடுவதை, ஓடுகிறேன் என்று நான் சொல்வதை, பார்த்துவிட்டார்.

கோபப்படவில்லை. மாலை போடாத குறையாக வந்து, கூடத்தில் உட்கார்ந்து, வரும் முகூர்த்த நாளில் புதுமண் முழுக்கச் சிமெண்ட் ரோடு போடப்போவதாகச் சொன்னார். "சிமெண்ட் காஞ்சிருச்சுன்னா தெரு அப்படியே நின்னுரும் டீச்சர். அதுவரைக்கும் கொஞ்சம் படுங்க. அப்புறம் எம்புட்டு வேணும்னாலும் ஓடுங்க."

கண்மாய் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கும். உங்களுக்கு ஓடத்தான வேணும்? மாடி இருக்குல்ல?"

முகூர்த்தத்தன்று விடிந்தபோது டிரான்ஸ்பார்மரை அடுத்த புதுமண்ணில் இரண்டு கம்பி நட்டு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் நான் இருந்தேன். பழம் கொடுக்க வந்த யாரோ போனில் எடுத்தது. வாயைத் திறந்து, தலைமுடி கலைந்து, நைட்டியில் தூங்குகிறேன். ஓய்வெடுத்து ஊரை வளர்க்கும் எங்கள் டீச்சருக்கு நன்றி என்று கீழே போட்டு, ஓரத்தில் சீனிராஜ் கைகூப்பியிருந்தார். கலவை மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. புதுமண்ணின் பாதிவரை ஈரச் சிமெண்ட்டைக் கொட்டிப் பரப்பிவிட்டிருந்தார்கள்.

நான் பெல்ட்டைக் கட்டினேன். மாரிக்கனி குனிந்து என் ஷூ நாடாவை இறுக்கினாள். வெளியே வந்து, பாயாமல், அந்தப் படத்தை ஒருதடவை முழுதாகப் பார்த்துவிட்டு, எருமையும் முந்தும் வேகத்தில் ஓடத் தொடங்கினேன்.

சிமெண்ட் ஓரமாக விட்டிருந்த மண்ணில் என் முதல் அடி விழுந்ததும் நெட்டி முறிந்தது. அடுத்த அடிக்கு இன்னொன்று. சீனிராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். என் வேகத்துக்கு ஓட்ட முடியாமல் ஹாண்டில் இரண்டு பக்கமும் ஆடியது, காலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தவர், கடைசியில் ஈரச் சிமெண்ட்டுக்குள் சக்கரம் இறங்க அங்கேயே நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்து அவர் கூட்டத்துக்குக் கை காட்ட, மனைக்காரர்கள் எல்லாரும் வந்து, இரண்டு பக்கமும் என் முகத்தைப் பார்த்தபடி வரிசையாக நடந்துகொண்டே, முன்ன மாதிரி இல்ல, முன்ன மாதிரி இல்ல என்று பஜனைபோலச் சொல்லத் தொடங்கினார்கள். எனக்குப் பின்னால் தெரு சுருங்கியது, எனக்கு முன்னால் தெரு நீண்டது. ஓடினேன், நின்ற இடத்திலேயே இருந்தேன். குடோன் நெருங்கவில்லை. வயிற்றில் தையல் தன் இருப்பைச் சொன்னது. பாய்ந்துவிடு என்று கோபம் கெஞ்சியது. நான் அதை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு அதே வேகத்தில் போனேன்.

புதுமண்ணின் வேப்பமரத்தடியில், அது இதற்குள் மரமாகியிருந்தது, பேச்சித்தாயின் இஸ்திரி வண்டி நின்றது. ஊரெல்லாம் விரட்டப்பட்டு, கடைசியில் யாருடையதும் இல்லாத மண்ணில் வண்டியை நிறுத்தியவள் அவள். அந்த மண்ணைச் சுருக்குவதில் எனக்கு ஏதாவது தயக்கம் இருந்தது என்றால் அது அவளால்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், நீயும் சொல்லடி என்று ராஜாமணி அக்கா கத்தினாள். பேச்சித்தாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எம் வண்டிக்குச் சக்கரம் இருக்கு" என்றாள். "டீச்சர் வீட்டுக்குத்தான் இல்ல. நீங்க போங்க டீச்சர்."

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவளும் என் பின்னால் வந்தாள்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: நிற்கவில்லை. அவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமானால் கூட வர வேண்டும், கூட வந்துகொண்டே பேசவும் வேண்டும். டீக்கடைக்குக்கூடப் பைக்கில் போகிறவர்கள் அவர்கள். முதலில் ராஜாமணி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்கப்புறம் மகளிர் குழுக்கள் குழுகுழுவாக உட்கார்ந்தன. முன்ன மாதிரி என்றவர்கள் இல்ல என்பதற்கு மூச்சில்லாமல் நின்றார்கள். சுருதி தேய்ந்து, சொற்கள் தேய்ந்து, கடைசியில் என் பக்கத்தில் தனுஷ்கோடி ஒருவர்தான், முழங்காலைப் பிடித்துப் பிடித்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார். பிறகு அவரும் இல்லை.

அப்போது தெரு திரும்பி வந்தது. மனை மனையாக, சாண் சாணாக, ஒரு பெரிய கையின் எல்லா விரல்களிலும் நெட்டி முறிவதுபோல வந்தது. ஃபிளெக்ஸ் கட்டிய கம்பிகள் ஒன்றோடொன்று முட்டி, தூங்கும் என் முகம் இரண்டாக மடிந்தது. மனைக்காரர்கள் ஒருவர் மடியில் ஒருவராகக் குவிந்தார்கள். பரப்பிவைத்த சிமெண்ட் முழுவதும் இரண்டு பக்கமிருந்தும் நெருக்குண்டு, பொங்கி, தெருவின் குறுக்கே ஒரு மேடாக எழுந்து நின்றது. அதை உடைக்க ஆளில்லை. சில நாளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து வேகத்தடை என்று ஒப்புக்கொண்டார்கள், சீனிராஜின் சாதனைகளில் ஒன்றாக அது நோட்டீஸிலும் வந்தது. அதன் ஓரத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து இப்போது பேச்சித்தாயின் வண்டி நிற்கிறது.

நான் குடோனைத் தாண்டினேன். தண்ணீர் வாடை வந்தது. கரையில் ஏறும்போது வலித்தது, நடந்தேன். நடந்தே போய் மடைச்சுவரைத் தொட்டேன். பாசி அதே ஈரத்தோடு இருந்தது. மாரிக்கனி தீப்பெட்டி ஆபீசில் நின்றுகொண்டிருந்த அந்த மறுவாரத்தை நினைத்தேன். கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் தனுஷ்கோடி கரையேறி வந்து, மடைச்சுவரில் சரிந்து உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"முன்ன மாதிரி..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு முடியல பவளம்" என்றார். "கொஞ்சம் இரு, சேந்து போவோம்."

நான் இருக்கவில்லை. திரும்பி ஓடத் தொடங்கினேன், அதே எருமை வேகத்தில். வீடு அது எப்போதும் இருந்த தூரத்தில்தான் இருந்தது.